ஸ்டைல் ஆவணம் ஒன்று சொல்ல, நிரல் வேறு சொன்னால்: சி திட்டங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சி திட்டம் ஒன்றின் ஸ்டைல் விதி ஒவ்வொன்றும் மூன்று இடங்களில் குடியிருக்கிறது: மனிதர்கள் படிக்கும் ஆவணம், ஃபார்மேட்டர் (நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவி) அல்லது சோதனை ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பு, அண்மையில் மெர்ஜ் ஆன (திட்டத்தில் சேர்க்கப்பட்ட) நிரல். யாரோ ஒருவர் ஒன்றை மட்டும் மாற்றுவார். மற்ற இரண்டும் பழைய இடத்திலேயே நிற்கும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளம்புபவைதான். ஆனால் எல்லா முறையும் ஆவணத்தின் மேலேயே பழியைப் போட்டுவிடாதீர்கள். பல நேரம் ஆவணம் சரியாக இருக்கும், கருவிதான் பின்தங்கியிருக்கும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

எந்த அறிகுறியானாலும் இதுதான் முதல் வேலை. சந்தேகத்துக்குரிய விதியை எடுத்துக்கொண்டு திட்டத்தின் மொத்தக் களஞ்சியத்தையும் (ரிப்போ) கிரெப் கட்டளையால் தேடாதீர்கள். அப்படிச் செய்தால் பத்து வருடப் பழைய நிரல்தான் எண்ணிக்கையில் ஜெயிக்கும். மாற்ற வரலாற்றைக் காட்டும் கிட் லாக் கட்டளைக்குக் கடைசி 6 மாதம் என்று வரம்பு வைத்து, பேட்சைக் (மாறிய வரிகளை) காட்டும் தேர்வையும் கோப்பு நகர்வைக் கண்டுபிடிக்கும் தேர்வையும் கொடுங்கள். வெளியீட்டில் + குறியோடு தொடங்கும் வரிகளை மட்டும் எடுங்கள். +++ என்று தொடங்குபவை கோப்புப் பெயர்கள், அவை வேண்டாம். வெளியிலிருந்து அப்படியே எடுத்துவைத்த நூலகங்களின் டைரக்டரிகளையும், முழுக்க ஃபார்மேட் மாற்றமாக மட்டும் இருந்த கமிட்களையும் (பதிவான மாற்றங்கள்) கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் ரிவியூவில் இன்று ஏற்கப்படும் நிரல்.

பத்துக்கு ஒன்பது ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவே நடப்பு விதி, ஆவணத்தை அதற்கு இழுத்துவரலாம். பாதிக்குப் பாதி என்றால் அங்கே விதியே இல்லை என்று பொருள். பராமரிப்பாளர்கள் முடிவு சொல்லும்வரை ஆவணத்தில் கை வைக்க வேண்டாம்.

அறிகுறி: வரி நீளத்துக்கு ஆவணம் 80 எழுத்து என்கிறது, கருவி 95இலும் வாய் திறப்பதில்லை

லினக்ஸ் கர்னலில் இது பிழையே அல்ல. 2020 மே மாதம் அதன் பேட்ச் சோதனைக் கருவியான செக்பேட்ச் ஸ்கிரிப்டின் இயல்பு எல்லை 80இலிருந்து 100 ஆனது. அதே கமிட்டில் ஸ்டைல் ஆவணமும் திருத்தப்பட்டது: 80 நெடுவரிசைதான் விரும்பத்தக்கது, அதைத் தாண்டினால் படிக்க நன்றாக எளிதாகிறது, எதுவும் மறைந்துவிடவில்லை என்றால் தாண்டலாம். ஆக இரண்டு எண்களும் வேண்டுமென்றே வேறுபடுகின்றன. விரும்பும் அளவு ஒன்று, மணி அடிக்கும் அளவு இன்னொன்று. கியூஎமு (மெய்நிகர் கணினி மென்பொருள்) திட்டத்தில் 80இல் எச்சரிக்கை, 90இல் பிழை. கர்ல் (தரவு பரிமாற்றக் கருவி) திட்டத்தில் கறாராக 79.

உங்கள் திட்டத்தில் இரண்டு எண்கள் இருந்தால் இரண்டையும் ஆவணத்தில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால், "கருவி விட்டுவிட்டதே" என்று ஒருவரும் "ஆவணத்தில் இருக்கிறதே" என்று மற்றவரும் ஒவ்வொரு பேட்சிலும் மோதிக்கொள்வார்கள்.

விதிவிலக்குகளையும் ஒப்பிட மறக்காதீர்கள். கர்னலில் பயனர் கண்ணில் படும் செய்திச் சரங்களை நடுவில் உடைக்கக் கூடாது. உடைத்தால் திரையில் வந்த பிழைச் செய்தியைக் கிரெப் செய்து மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. செக்பேட்சும் நீளமான சரங்களை விட்டுவிடுகிறது. கருவி விதிவிலக்கு தருகிறது, ஆவணம் சொல்லவில்லை என்றால் புதியவர் ஒருவர் சரத்தை மூன்றாக உடைத்து அனுப்புவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

செக்பேட்சை வேறு திட்டத்துக்கு நகலெடுத்து வந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. நகலெடுத்த நாளில் கர்னலுக்கு இருந்த விதிகள் அத்தனையும் கூடவே வந்திருக்கும். உங்கள் ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லாத விதிக்காக அது பேட்ச்களைத் திட்டிக்கொண்டிருக்கும். செய்தி வகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆவணத்தில் இடமில்லாதவற்றை அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: எச்சரிக்கை வருகிறது, எந்த விதி என்று தெரியவில்லை

செய்தி வகைக்கு ஒரு பெயர் இருந்து, அந்தப் பெயர் ஆவணத்திலும் இருந்தால் போதும். செக்பேட்சில் ஷோ-டைப்ஸ் தேர்வு ஒவ்வொரு எச்சரிக்கையின் வகைப்பெயரையும் காட்டும். 2021இல் வந்த வெர்போஸ் தேர்வு இன்னும் நல்லது: விளக்கத்தைச் செக்பேட்சின் ஆவணக் கோப்பிலிருந்தே படித்துக் காட்டுகிறது. ஸ்கிரிப்டுக்குள் ஒரு விளக்கம், ஆவணத்தில் ஒரு விளக்கம் என்ற இரட்டை வேலை இல்லை.

கர்லின் செக்சோர்ஸ் ஸ்கிரிப்டும் எச்சரிக்கைகளுக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்திருக்கிறது. நிரலில் ஒரு கமென்ட் எழுதி, அந்தப் பெயரைச் சொல்லி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும் அணைக்கலாம். இந்த ஏற்பாடு உங்களிடம் இருந்தால் சோதனை சுலபம்: ஸ்கிரிப்டிலிருந்து பெயர்களை உருவுங்கள், ஆவணத்திலிருந்து பெயர்களை உருவுங்கள், இரண்டையும் சார்ட் செய்து காம் கட்டளையில் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருப்பவை எல்லாம் திருத்த வேண்டியவை. சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) வைத்தால் ஒரு நொடி வேலை.

அறிகுறி: ஃபார்மேட்டர் ஓட்டியதும் நன்றாக இருந்த நிரல் கோணலாகிறது

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இது. "விதி சரியில்லை" என்று ஆவணத்தை மாற்றப் போவார்கள். விதியில் கோளாறு இருக்காது. ஃபார்மேட்டருக்குப் பெயர்ப்பட்டியல் ஒன்று தேவைப்படும், அது பழையதாகிப் போயிருக்கும்.

காரணம் சி மொழியிலேயே இருக்கிறது. இரண்டு பெயர்களுக்கு நடுவில் * வந்தால் அது பெருக்கலா, பாயிண்டர் அறிவிப்பா? முதல் பெயர் டைப்டெஃப் (ஒரு வகைக்கு வைத்த பெயர்) என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தின் ஃபார்மேட்டரான பிஜிஇன்டென்ட் இதற்காகவே ஒரு டைப்டெஃப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறது. புதிய டைப்டெஃப் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பட்டியலில் போட மறந்தால் என்ன ஆகும்? * குறி மாறிப்பெயரோடு ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில், இரு பக்கமும் இடைவெளி விட்டு, பெருக்கல் போலவே அச்சாகும். பேட்சில் இப்படித் தனியாக நிற்கும் * ஒன்றைப் பார்த்தால் ஸ்டைல் ஆவணத்தைத் திறக்க வேண்டாம், பட்டியலைத் திறங்கள்.

கிளாங்-ஃபார்மேட் என்ற ஃபார்மேட்டரில் இதே கதை மேக்ரோக்களில் நடக்கும். கர்னலில் ஃபார்-ஈச் வகை மேக்ரோக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பார்வைக்கு ஃபங்ஷன் அழைப்பு, வேலையில் லூப். அமைப்புக் கோப்பில் ஃபார்ஈச்மேக்ரோஸ் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கிளாங்-ஃபார்மேட் அதை லூப் என்று எடுத்துக்கொள்ளாது; { நிற்கும் இடமும் உள்ளிருக்கும் வரியின் இன்டென்ட்டும் பிசகும். அந்தப் பட்டியலை எடுக்க உதவும் கிட் கிரெப் கட்டளையை அமைப்புக் கோப்பிலேயே, பட்டியலுக்கு மேல் கமென்ட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். பின்பற்ற வேண்டிய பழக்கம். நீங்கள் செய்ய வேண்டியது:

1. பட்டியலை உருவாக்கும் கட்டளையை அமைப்புக் கோப்பில் கமென்ட்டாக எழுதுங்கள். சார்ட் வரிசை கணினிக்குக் கணினி மாறாமலிருக்க லோகேலை (மொழி, வரிசை முறை அமைப்பு) "சி" என்று கட்டாயப்படுத்துங்கள்.
2. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் கட்டளையை ஓட்டி, வந்ததைப் பழைய பட்டியலோடு டிஃப் எடுங்கள்.
3. நீங்கிய பெயர்களையும் நீக்குங்கள். பழைய பெயர் இருந்தால் கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டால், எது உயிரோடிருக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

இரண்டு கருவிகள் ஒன்றையொன்று மறுப்பதும் உண்டு. கிளாங்-ஃபார்மேட் ஃபார்-ஈச் மேக்ரோவின் பெயருக்கும் ( குறிக்கும் நடுவில் இடைவெளி போடும், செக்பேட்ச் அதே இடைவெளியைக் குறை சொல்லும். ஒன்று சொன்னபடி செய்தால் மற்றொன்று கத்தும். இந்த மேக்ரோக்களுக்கு மட்டும் இடைவெளி வேண்டாம் என்று சொல்லும் தேர்வு கிளாங்-ஃபார்மேட் 11இல் இருந்தது; கர்னலின் அமைப்புக் கோப்பு 2022இல்தான் அதற்கு மாறியது. உங்கள் திட்டத்தில் இரண்டு கருவிகள் ஓடினால், ஆவணத்தின் மாதிரி நிரலை முதலில் ஃபார்மேட்டருக்கும், அதன் வெளியீட்டைச் சோதனை ஸ்கிரிப்டுக்கும் கொடுத்துப் பாருங்கள். சத்தமே வரக் கூடாது.

அறிகுறி: நிரல் மாறவில்லை, நேற்று பச்சை, இன்று சிவப்பு

சிஐ இமேஜில் கிளாங்-ஃபார்மேட்டின் பதிப்பு மாறியிருக்கும். ஒரே அமைப்புக் கோப்புக்கு இரண்டு பதிப்புகள் இரண்டு விதமாக வெளியீடு தரலாம். குறிப்பாக ஏதாவது அடிப்படை ஸ்டைலின் மேல் கட்டியிருந்தால், நீங்கள் எழுதாத தேர்வுகள் எல்லாம் அந்தப் பதிப்பின் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். இரண்டு பதிப்புகளிலும், முழு அமைப்பையும் அச்சிடும் டம்ப்-கான்ஃபிக் தேர்வை ஓட்டி டிஃப் எடுத்தால் எது நகர்ந்தது என்று தெரிந்துவிடும்.

எதிர்த் திசையிலும் கோளாறு வரும். இன்செர்ட்பிரேசஸ் தேர்வு 15ஆம் பதிப்பில் வந்தது. அதை அமைப்பில் எழுதிவிட்டு 14ஐ ஓட்டினால் தெரியாத சாவி என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். ஆகவே ஆவணத்தில் "கிளாங்-ஃபார்மேட் பயன்படுத்துங்கள்" என்பது பாதி வாக்கியம்தான். பதிப்பு எண்ணையும் சேர்த்தால்தான் முழுமை. சிஐயிலும் அதே எண்ணைப் பூட்டுங்கள். டிரை-ரன் தேர்வோடு எச்சரிக்கையைப் பிழையாக்கும் தேர்வையும் கொடுத்தால் கோப்பைத் தொடாமல் சோதனை மட்டும் நடக்கும். போஸ்ட்கிரெஸ் ஒரு படி மேலே போய், 2023இல் தன் இன்டென்ட் நிரலின் மூலத்தையே சொந்த ரிப்போவுக்குள் கொண்டுவந்துவிட்டது. சின்னத் திட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

அறிகுறி: ஆவணம் தடுப்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், கம்பைலரும் ஏற்கிறது

ஆவணத்தில் "சி89 மட்டும்" (சி மொழியின் 1989 தரம்) என்றிருக்கும். நிரலில் ஃபார் லூப்பின் அடைப்புக்குள்ளேயே மாறி அறிவிப்பு இருக்கும். முதலில் கம்பைலருக்கு எந்தத் தரம் சொல்லப்பட்டிருக்கிறது என்று பில்ட் கோப்பில் பாருங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் கம்பைலரின் இயல்புதான் உங்கள் விதி, அது காலத்தோடு நகரும். ஜிசிசி கம்பைலரின் 5ஆம் பதிப்பில் (2015) இயல்பு குனூ11 (சி11 தரமும் குனூ நீட்சிகளும்), ஜிசிசி 8இல் (2018) குனூ17, ஜிசிசி 15இல் (2025) குனூ23. கடைசித் தாவலில் பலருக்கு அடி விழுந்தது. சி23இல் பூல் ஒரு மொழிச்சொல். "திட்டத்தின் சொந்த பூல் டைப்டெஃபைப் பயன்படுத்துங்கள்" என்று ஆவணத்தில் எழுதி, ஹெடரில் அப்படியே டைப்டெஃப் போட்டிருந்தால் இப்போது கம்பைல் ஆகாது. வெற்று ( ) வைத்து அறிவித்த ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் அனுப்பினாலும் பிழைதான்; சி23இல் அதன் பொருள் "ஆர்க்யுமென்ட் எதுவும் கிடையாது".

திருத்தும்போது தரத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து சி99ஐ அனுமதிக்கிறது, ஆனால் நீளம் மாறும் அரேக்களும், நிரலுக்கு நடுவில் மாறி அறிவிப்பும், // கமென்ட்டும் கூடாது என்று கூடவே பட்டியலிட்டது. விதியைக் கம்பைலரே காக்க முடிந்தால் இன்னும் நல்லது. நடுவில் வரும் அறிவிப்புக்கு ஒரு எச்சரிக்கைக் கொடி உண்டு, நீளம் மாறும் அரேக்கு இன்னொன்று உண்டு. அந்தக் கொடிகளின் நிலவரத்தையும் அவ்வப்போது பாருங்கள். கர்னல் 5.18இல் (2022) குனூ11க்கு மாறிய பிறகும் நடுவில் வரும் அறிவிப்பை எச்சரிக்கும் கொடி இருந்தது. தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் மாறிகள் வந்தபோது, 6.5இல் (2023), அதுவும் எடுக்கப்பட்டது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த முறை கிட் திட்டத்தினுடையது. புதிய மொழி வசதி ஒன்றை அனுமதிக்கலாமா என்று தெரியாதபோது, எல்லோரும் கம்பைல் செய்தே ஆக வேண்டிய ஒரு கோப்பில், எளிதில் திரும்பப் பெறக்கூடிய ஓரிடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். சோதனை பலூன் என்று அதற்குப் பெயர். ஃபார் லூப்பில் மாறி அறிவிக்கும் பலூன் 2021 நவம்பரில் பறந்தது. அப்போது வழிகாட்டி ஆவணத்தில் எழுதியது இதுதான்: இன்னும் அனுமதி இல்லை, புகார் வருகிறதா என்று பார்க்கிறோம், 2022 நவம்பர் வாக்கில் மறுபடி பார்ப்போம். பலூன் கமிட்டின் எண்ணும் கூடவே இருந்தது. விதிக்குப் பக்கத்திலேயே அதன் பிறப்புச் சான்றும் மறுபரிசீலனைத் தேதியும் இருந்தால், அது காலாவதியானதைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. உங்கள் ஆவணத்தில் சந்தேகத்துக்குரிய விதிகளுக்காவது இப்படி எழுதுங்கள்.

அறிகுறி: ஆவணத்தின்படி எழுதினால் ஜிசிசி அமைதி, கிளாங் கத்துகிறது

ஸ்விட்ச்சில் ஒரு கேஸிலிருந்து அடுத்ததற்கு வழிந்து போகும் இடமாக இருக்கலாம். ஜிசிசி 7 (2017) கொண்டுவந்த எச்சரிக்கை, /* வழிந்து போகிறது */ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய கமென்ட்டைப் படித்துச் சமாதானமாகிவிடும். கிளாங் கம்பைலர் கமென்ட்டைப் படிக்காது, அட்ரிபியூட் (கம்பைலருக்கான குறிப்பு) கேட்கும். கர்னல் 2019இல் அந்த அட்ரிபியூட்டை ஒரு மேக்ரோவுக்குள் வைத்து ஒரே சொல்லாக்கி, கமென்ட்களை அதற்கு மாற்றத் தொடங்கியது. உங்கள் ஆவணம் இன்னும் கமென்ட் முறையைச் சொன்னால் அதே வழியில் மாற்றுங்கள். ஆவணத்தில் அட்ரிபியூட்டை நேரடியாக எழுதாமல் மேக்ரோவின் பெயரை எழுதுங்கள்.

அறிகுறி: ஆவணம் சொல்லும் ஃபங்ஷனோ மேக்ரோவோ மூலத்தில் இல்லை

கர்னலின் ஸ்டைல் ஆவணத்தில் "இருக்கும் மேக்ரோவை மறுபடி எழுதாதே" என்று ஒரு பகுதி உண்டு. ஸ்ட்ரக்ட் உறுப்பின் அளவைத் தரும் மேக்ரோ அங்கே உதாரணம். முன்பு ஃபீல்ட்_சைஸ்ஆஃப் என்றிருந்தது சைஸ்ஆஃப்_ஃபீல்ட் என்று மாறியபோது ஆவணத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. சரத்தை நகலெடுக்கும் எஸ்டிஆர்எல்காப்பி ஃபங்ஷன் கர்னல் 6.8இல் (2024) மொத்தமாகவே நீக்கப்பட்டது. பெயர் மாற்றுபவர் மூலத்தில் சி கோப்புகளையும் ஹெடர்களையும் மட்டும் தேடினால் ஆவணம் அப்படியே தங்கிவிடும்.

பிடிப்பதற்கு வழி: ஆவணத்தில் நிரல் எழுத்துருவில் இருக்கும் பெயர்களை, குறிப்பாக ( ) ஒட்டிவரும் பெயர்களை உருவி, ஒவ்வொன்றையும் முழுச்சொல்லாகக் கிட் கிரெப்பில் தேடுங்கள். ஆவண டைரக்டரியைத் தேடலிலிருந்து கட்டாயம் விலக்குங்கள். இல்லாவிட்டால் ஆவணத்தில் இருப்பதே கிடைத்துவிடும், எல்லாம் நலம் என்று ஸ்கிரிப்ட் சொல்லும். முதல் முறை எழுதும் எல்லோரும் இதில்தான் வழுக்குவார்கள். பூஜ்யம் வந்த பெயர்களைக் கையால் பாருங்கள். "இப்படி எழுதாதே" என்று காட்டும் கெட்ட உதாரணங்களும் அதில் வரும். அவற்றுக்கு ஒரு தனிக் குறி போட்டு, ஸ்கிரிப்ட் தாண்டிப்போகும்படி செய்யுங்கள்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, உதாரணம் கம்பைலும் ஆக வேண்டும். நிரல் துண்டுகளை ஆவணத்திலிருந்து பிரித்து, தேவையான ஹெடர்களை மேலே ஒட்டி, திட்டத்தின் அதே கொடிகளோடு, இலக்கணச் சோதனை மட்டும் செய்யும் தேர்வில் கம்பைலரை ஓட்டுங்கள். மூன்று புள்ளி வைத்து விட்டுப்போன துண்டுகள் தோற்கும், புள்ளிகளை /*... */ என்று கமென்ட்டாக்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

அறிகுறி: ரிவியூவில் திரும்பத் திரும்ப ஒரே குறை, ஆவணத்தில் அது இல்லை

கர்னலின் நெட்வொர்க் பகுதியில் உள்ளூர் மாறிகளை நீண்ட வரியிலிருந்து குறுகிய வரிக்கு இறங்கும்படி அடுக்க வேண்டும். தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அது பொது ஸ்டைல் ஆவணத்தில் இல்லை. அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் கையேட்டில் எழுதப்பட்டிருக்கிறது, சரியான இடமும் அதுதான். பொது ஆவணத்தில் போட்டால் மற்ற பகுதிகளிலும் ஆட்கள் பேட்ச் அனுப்பத் தொடங்குவார்கள். மூன்று வெவ்வேறு பேட்ச்களில் ஒரே குறையை எழுதினீர்கள் என்றால் அது விதி. எழுதிவிட்டு, அடுத்த முறை இணைப்பைக் கொடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு: ஆவணத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு, அதை அந்தப் பகுதியிலேயே யாரும் மதிப்பதில்லை. பலவரிக் கமென்ட்டின் முதல் வரியில் /* தனியாக நிற்கக் கூடாது என்று நெட்வொர்க் நிரலுக்கு இருந்த தனி விதி அப்படித்தான் பிற்பாடு எடுக்கப்பட்டது. நீக்கும்போது ஆவணம், செக்பேட்ச், பகுதிக் கையேடு மூன்றிலும் தேடி நீக்க வேண்டும்.

அறிகுறி: சின்ன பேட்சில் சம்பந்தமில்லாத இடைவெளி மாற்றங்கள்

எடிட்டர்களுக்கு அமைப்பு சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் வரிக்கடைசி இடைவெளியை வெட்டும் தேர்வு இருக்கிறதா பாருங்கள். பல எடிட்டர்கள் நீங்கள் தொட்ட வரியை மட்டுமல்லாமல் முழுக் கோப்பையும் வெட்டிவிடும். கர்னலில் 2024இல் அந்தக் கோப்பு வந்த சில மாதங்களிலேயே இந்தத் தேர்வு தூக்கப்பட்டது. விதி ஆவணத்தில் இருக்கட்டும். சோதனையைப் புதிய வரிகளை மட்டும் பார்க்கும் கருவியிடம் விடுங்கள்.

அறிகுறி: விதியை மாற்றிய பின் கிட் பிளேம் எல்லா வரிக்கும் ஒரே ஆளைக் காட்டுகிறது

பிளேம் என்பது ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை. பழைய நிரலைப் புதிய விதிக்கு மொத்தமாக மாற்றிய கமிட்தான் காரணம். கிட் 2.23 (2019) முதல், புறக்கணிக்க வேண்டிய கமிட்களின் முழு எண்களை ஒரு கோப்பில் எழுதி பிளேமுக்குக் கொடுக்கலாம். இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, ஃபார்மேட் மாற்றமும் இந்தக் கோப்பும் ஒரே புல் ரிக்வெஸ்டில் வந்து, ஸ்குவாஷ் செய்து (பல கமிட்களை ஒன்றாக்கி) மெர்ஜ் ஆனால் கமிட் எண் மாறிவிடும். பட்டியலில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத எண். மெர்ஜ் ஆன பிறகு, தனிக் கமிட்டாக எண்ணைச் சேருங்கள். இரண்டு, அமைப்பைக் குளோபலாகப் போட்டுவிட்டால், அந்தக் கோப்பு இல்லாத மற்ற ரிப்போக்களில் பிளேம் பிழை சொல்லி நின்றுவிடும். ரிப்போவுக்குள் மட்டும் போடுங்கள், அந்தக் கட்டளையை ஆவணத்திலும் எழுதுங்கள்.

அறிகுறி: ஆவணத்தைத் திருத்தும் பேட்சே வாரக்கணக்கில் விவாதத்தில் நிற்கிறது

பெரும்பாலும் ஒரே பேட்சில் ஐந்து விதிகள் இருக்கும். ஒரு பேட்சுக்கு ஒரு விதி. கமிட் செய்தியில் முதலில் எடுத்த எண்ணிக்கையைப் போடுங்கள்: கடைசி 6 மாதத்தில் இந்த வடிவம் இத்தனை, அந்த வடிவம் இத்தனை. கருவியின் அமைப்பும் ஆவணமும் அதே கமிட்டில் சேர்ந்து மாறட்டும். ஒன்றைத் திரும்பப் பெற்றால் மற்றதும் சேர்ந்தே போகும். பழைய கோப்புகளை மாற்றும் வேலையை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு சண்டை, அதற்கு வேறு பேட்ச்.